மலைக்கு எந்த அடுப்பு?



பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆசிரியர் மேசைக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். கவிதை குறையும், கேள்வி கூடும். இம்முறை வந்தவற்றில் பாதி அடுப்பைப் பற்றியவை. பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்து இப்போது சிரம்பானில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், நண்பர்களோடு குனோங் டத்தோவில் ஓர் இரவு தங்கப் போகிறாராம். முதுகுப்பையில் வைக்க எந்த அடுப்பு வாங்கலாம் என்கிறார். மந்தினிலிருந்து ஒரு தாயார் நேராகவே கேட்டுவிட்டார்: "என் மகன் இணையத்தில் அறுநூறு வெள்ளிக்கு ஓர் அடுப்பு பார்த்து வைத்திருக்கிறான். உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. அதில் தோசை வருமா?"

வராது அம்மா. உங்கள் மகன் பார்த்து வைத்திருப்பது, பாத்திரத்தோடு சேர்த்தே பூட்டிக்கொள்ளும் உயரமான கொதிகலன் வகையாக இருக்க வேண்டும். குளிர்ந்த மலையில், காற்றுக்கு நடுவில், அரை லிட்டர் தண்ணீரைச் சடுதியில் கொதிக்க வைப்பதற்காகச் செய்தது அது. தீ நடுவில் குவிந்து எரியும். அதன்மேல் தோசைக்கல்லை வைத்தால் நடுவில் கரியும், ஓரத்தில் மாவு பச்சையாக நிற்கும். பொருள் மட்டமானதல்ல, நம் மலைக்கும் நம் பசிக்கும் அது பொருந்தாது, அவ்வளவுதான்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றில் முக்கால்வாசி பனிமலைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பியூட்டேன் வாயு ஏறக்குறைய சுழியம் டிகிரியில்தான் ஆவியாகும். அதற்குக் கீழே குளிர் இறங்கினால் டின்னுக்குள் அது தண்ணீர்போல் கிடக்குமே தவிர மேலே வராது, தீயும் பிடிக்காது. அதனால்தான் குளிர்நாட்டு மலையேறிகள் 12 டிகிரி உறைகுளிரிலும் ஆவியாகும் ஐசோபியூட்டேனையும், 42 டிகிரி உறைகுளிரிலும் ஆவியாகும் புரோப்பேனையும் கலந்து அடைத்த, திருகு வைத்த டின்களை வாங்குகிறார்கள். அந்தக் கலவைக்குத்தான் அந்த விலை. 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்களே, அந்த உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள், அவர்கள் போன வழியில் அடுப்பு சமையலுக்கு முன்னால் குடிதண்ணீருக்காக எரிய வேண்டும். பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். உச்சியில் தண்ணீர் 70 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அந்தக் கொதிப்பில் பருப்பு வேகாது.

நம் கதை வேறு. குனோங் டத்தோ 900 மீட்டரைக்கூடத் தொடாத மலை. உலு பெண்டுலிலிருந்து ஏறும் அங்சி அதைவிடவும் சற்றுக் குறைவு. நெகிரி செம்பிலானின் உயர்ந்த சிகரமான ஜெலுபுவின் பெசார் ஹந்துவே 1,462 மீட்டர்தான். உறைபனி என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. டத்தோ உச்சியில் தண்ணீர் 97 டிகிரியில் கொதிக்கும். சோறு வேகும், பருப்பும் வேகும். ஆக, பகாவ் மளிகைக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் அந்த நீளமான சாதாரண பியூட்டேன் டின்னே நமக்கு ஏராளம். வெளிநாட்டுக் கலவை டின்னுக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்?

அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவது நம்மவர்களுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். ரந்தாவ் பக்கம் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். "கேஸு ஏது தம்பி அப்போ? பிஸ்கட்டு டின்னுதான் எங்க அடுப்பு" என்றார். மரத்தூள் அடுப்பைத்தான் சொல்கிறார். சதுர பிஸ்கட் டின்னின் அடிப்பக்கத்தில் கைநுழையும் அளவு ஒரு துளை. நடுவில் ஒரு காலி போத்தலை நிறுத்தி, துளை வழியாக இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டிக் குத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு போத்தலைத் திருகித் திருகி மெல்ல உருவினால் நடுவில் ஒரு சுரங்கம் நிற்கும். கட்டையையும் இழுத்துவிட்டு, கீழ்த்துளையில் தீ வைத்தால் போதும். ஊத வேண்டாம், விறகு தள்ள வேண்டாம், மணிக்கணக்கில் அதுபாட்டுக்குக் கனன்றுகொண்டிருக்கும். "பருப்ப ஏத்திட்டுப் பால் எடுக்கப் போயிருவேன். வந்து பாத்தா வெந்து கெடக்கும்." மரத்தூள் கெட்டியாக இல்லாவிட்டால் நடுவில் பொலபொலவென்று சரிந்து அணைந்துவிடுமாம். அதை அடைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே மாட்டாராம்.

தீமூட்ட ஒட்டுப்பால் துண்டு. கருப்புப் புகையும் நாற்றமும் வந்தாலும் மழையில் நனைந்த விறகையும் பற்ற வைத்துவிடும். இன்றைக்கு மலையேறிகள் சைக்கிள் டியூபை வெட்டிப் பையில் வைத்துக்கொள்வதும் இதே காரியத்துக்குத்தான்.

சமைத்ததையும் சமைக்காததையும் வெளியே கொண்டுபோகவே முடியாத காலம் ஒன்றும் இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டை வேலிக்கு வெளியே எடுத்துப் போகத் தடை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு கவளம்கூடப் போகக் கூடாது என்பது அரசின் திட்டம். கடையில் சாடின் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். உடனே தின்றாக வேண்டும், பதுக்க முடியாது. 1950-களின் நடுவில் சில பகுதிகளில் அரிசியையே கண்ணில் காட்டாமல், பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றை மட்டும் கொடுத்தார்கள். சோறு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதுதான் கணக்கு. இருட்டோடு பெரட்டுக்குப் போய்விட்டுப் பசியாறாமலே வெட்டு முடித்துத் திரும்பிய தலைமுறை அது. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே குன்றுகளுக்கு அப்பால் கூடாரம் போட்டு மேகி மீ கிண்டப் போகிறார்கள். போகட்டும், நன்றாகப் போகட்டும்.

இனி அடுப்பு. யாரோடு போகிறீர்கள், வண்டி எதுவரை போகும் என்ற இரண்டைச் சொல்லிவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

குடும்பத்தோடு உலு பெண்டுல் ஆற்றங்கரைக்கோ, போர்ட்டிக்சன் தெலுக் கெமாங் கடற்கரைக்கோ போகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். நம் வீடுகளில் கெந்துரிக்கும் பிறந்தநாளுக்கும் வெளியே எடுக்கும் அந்தத் தட்டையான பெட்டி அடுப்புதான். 1969-இல் ஜப்பானின் இவாத்தானி நிறுவனம் கொண்டுவந்த வகை அது. குழாய் கிடையாது, தோம்பு கிடையாது. டின்னைப் பெட்டிக்குள்ளேயே படுக்க வைத்துப் பூட்டிவிடலாம். அகலமான கால், பெரிய பர்னர். தோசையும் வரும், கெண்டை மீனும் பொரியும். எடை ஒன்றரை, இரண்டு கிலோ வரும்; வண்டியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

ஆனால் நம்மவர்கள் கவனக்குறைவாகக் கையாளும் அடுப்பும் இதுதான். டின்னின் கழுத்து வளையத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது பொருத்துவதற்கான அடையாளம் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். டின்னுக்குள்ளே வாயை ஒட்டி ஒரு வளைந்த சிறு குழாய் இருக்கிறது. வெட்டு மேலே பார்த்திருந்தால் அந்தக் குழாயின் நுனியும் மேலே, ஆவி நிற்கும் இடத்தில் இருக்கும். டின்னைத் திருப்பிப் போட்டால் நுனி கீழே போய்த் திரவத்துக்குள் முங்கிவிடும். அப்புறம் பர்னருக்கு வருவது ஆவியல்ல, திரவ வாயு. தீ முகத்துக்கு எழும்பும். அரைக்கணம் குனிந்து பார்த்துப் பொருத்துங்கள்.

இன்னொன்று, கல். வீட்டில் இருக்கும் பெரிய தோசைக்கல்லையோ, மீன் சுடும் இரும்புத் தட்டையோ தூக்கி வைப்பது. பாத்திரம் பர்னரைத் தாண்டி டின் இருக்கும் மூடிமேல் நீண்டால், அடிச்சூடு திரும்பி டின்மேல் இறங்கும். இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து ஒரே தட்டை ஏற்றுவது அதைவிட மோசம். காற்றுக்காக அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாளைக் கட்டுவதும் இதே வினைதான். வெடித்த டின்களில் பலவற்றுக்கு இப்படித்தான் விதி முடிந்தது. இப்போதைய அடுப்புகளில் அழுத்தம் ஏறினால் டின்னைத் தானே விடுவிக்கும் அமைப்பு இருக்கிறது; வாங்கும்போது அது உண்டா என்று கேளுங்கள். எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரமும் சிரிம் முத்திரையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். யாரோ பயன்படுத்திக் கழித்த பழைய அடுப்பு, பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

போர்ட்டிக்சனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மிச்ச டின்னை வண்டிக்குள் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடலுக்குள் இறங்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே என்று டின்னிலேயே எழுதியிருப்பார்கள். மத்தியான வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும்.

காலி டின்னை வீட்டுத் தோம்பிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு சாதனத்தை விற்கிறார்கள். சிக்கனம் போலத் தெரியும். வீட்டுத் தோம்பில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் சேர்ந்த கலவை. 30 டிகிரி வெப்பத்தில் புரோப்பேன் தரும் அழுத்தம் பியூட்டேனைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. தோம்பு கனத்த இரும்பு, அதைத் தாங்கும். மளிகைக் கடை டின் மெல்லிய தகடு. ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காகச் செய்தது. இதில் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை: நிரப்பாதீர்கள், நிரப்பியதை வாங்காதீர்கள்.

இப்போது நம் பகாவ் தம்பிக்கு வருவோம். அவருக்குப் பெட்டி அடுப்பு ஆகாது. டத்தோவுக்குக் கம்போங் பாத்தாங் ஞாமோரிலிருந்து ஏறும் வழி குறுகியதாக இருந்தாலும் செங்குத்து. தண்ணீரையும் சுமந்துதான் போக வேண்டும், அதற்கு மேல் இரண்டு கிலோ இரும்பு எதற்கு? மடக்கும் சிறு அடுப்புகள் இரண்டு விதம். ஒன்று, திருகு டின்னின் தலையிலேயே உட்காரும் பொத்தான் அடுப்பு. நூறு கிராம்கூட இருக்காது, சட்டைப்பையில் போகும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் டின்மேல் அடுப்பு, அடுப்புமேல் பாத்திரம், பாத்திரத்துக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் என்று உயர்ந்துகொண்டே போகும்; டத்தோ உச்சியின் பாறைச் சரிவில் ஒரு கால் நொடித்தால் மொத்தமும் மடியில்.

மற்றது, சிலந்திபோல் மூன்று நான்கு கால்களைத் தரையில் விரித்து நிற்பது. ஓர் அடி நீளக் குழாய் வழியே டின் தள்ளிக் கிடக்கும். எடை இருநூறு, முந்நூறு கிராம். தாழ்வாக நிற்பதால் பாத்திரம் ஆடாது. டின் தீயிலிருந்து விலகி இருப்பதால் பர்னரைச் சுற்றிக் காற்றுத்தடுப்பும் வைக்கலாம், பயமில்லை. மளிகைக் கடை நீள டின்னைப் பொருத்திக்கொள்ள ஒரு சிறு இணைப்பான் தனியாகக் கிடைக்கிறது. பொருத்தும்போது இங்கும் டின் படுக்கையாக, வெட்டு மேலே பார்த்தபடி. தம்பி, நான் சொல்வது இதைத்தான். தீயைக் குறைத்தால் சிணுங்காமல் குறைகிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். நம் சமையலில் பாதி சிறுதீயில்தான் நடக்கிறது. முழுத்தீ மட்டும் தெரிந்த அடுப்பில் வெங்காயம் வதங்காது, கருகும்.

எத்தனை டின் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். காற்றில்லாத இடத்தில் மூடிபோட்டு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 12 முதல் 15 கிராம் வாயு போதும். காற்றடித்தால் இது இரட்டிப்பானாலும் வியப்பில்லை. இரண்டு பேருக்கு இரவுச் சோறு, சாடின் சம்பல், படுக்கும்முன் தேத்தண்ணி, காலையில் கோப்பியும் மீயும் என்று எல்லாம் சேர்த்தாலும் 220 கிராம் டின் ஒன்றில் பாதி மிஞ்சும். அரிசியை முன்கூட்டியே ஊறப்போட்டு, கொதி வந்து தண்ணீர் சுண்டியதும் இறக்கித் துண்டில் சுற்றி வைத்துவிட்டால் இன்னும் மிச்சம். ஆகவே ஒரு டின், சந்தேகத்துக்கு இன்னொன்று. மூன்று டின் சுமப்பது வீண். நெடுநேரம் எரியும்போது டின் சில்லிட்டுத் தீ சிறுத்தால் பதற வேண்டாம். வாயு ஆவியாகும்போது டின்னின் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பத்தில் சற்று நிறுத்தி வைத்தால் தானே தெளியும். அதைத் தீயருகே நகர்த்திச் சூடேற்றப் பார்க்காதீர்கள்.

ஸ்பிரிட் அடுப்பைப் பற்றியும் ஒருவர் எழுதியிருக்கிறார். சுவீடன்காரர்களின் டிராங்கியா, அல்லது குளிர்பான டின்னை வெட்டி நாமே செய்யும் கிண்ணம். கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை, சத்தமும் இல்லை. எனக்குப் பிடித்தது, ஆனால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பரிந்துரைக்க மாட்டேன். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஸ்பிரிட்டை ஊற்றினால், போத்தல் வழியே தீ கைக்கு ஏறும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எரிபொருளும் வாயுவைப்போல் இரு மடங்கு ஆகும்.

பம்ப் அடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு 1892-இல் சுவீடனில் பிரைமஸ் என்ற பெயரில் வந்தது. 1911-இல் அமுண்ட்சென் தென்துருவத்துக்குப் போனபோது அவரிடம் இருந்ததும் அதுவே. லயத்தில் வளர்ந்த பலருக்கு அதன் இரைச்சல் இன்னும் காதில் இருக்கும். பரணில் கிடந்தால் துடைத்து அலமாரியில் வையுங்கள். முதுகுப்பைக்கு வேண்டாம்.

விறகுக்கு நான் எதிரியல்ல. ஆனால் வனக் காப்பகத்தில் மலையேறவே வனத்துறை அனுமதி கேட்க வேண்டியிருக்கும்போது, கிடைத்த இடத்தில் கல் கூட்டித் தீ வளர்ப்பது முறையல்ல. ஈரமும் விடாது. மலேசியாவிலேயே மழை குறைந்த இடம் என்று சொல்லப்படும் ஜெலுபுவிலும் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது; தமிழகத்தின் சராசரியைவிட அது மிக அதிகம். மத்தியானம் இடி இடித்து ஊற்றிய பிறகு காட்டில் காய்ந்த குச்சி தேடுவதற்குள் அட்டைகள் நம்மைத் தேடிவிடும்.

அந்த மழைதான் மிகப் பெரிய ஆபத்துக்கும் வழி செய்கிறது. நனைந்து நடுங்கி வந்தவர்கள் அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவை இழுத்து மூடிவிடுகிறார்கள். மூடிய இடத்தில் எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமில்லை, மணமில்லை, முதலில் தலைவலியும் தூக்கமும் வரும், களைப்பு என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். மேலே ஒரு கித்தான் விரிப்பைக் கயிற்றில் கட்டி, நாலு பக்கமும் திறந்துவிட்டு, அதன் கீழ் சமையுங்கள். கித்தான் ஆளுயரத்துக்கு மேல் இருக்கட்டும். சமையல் முடிந்ததும் டின்னைக் கழற்றி வையுங்கள், கரி அடுப்பாக இருந்தாலும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

சபா, சரவாக் பக்கம் பறந்துபோய் மலையேறுகிறவர்கள் டின்னைப் பையில் வைக்கவே கூடாது. கைப்பையிலும் சரி, ஏற்றும் பெட்டியிலும் சரி, விமானத்தில் எரிவாயு டின்னுக்கு அனுமதி இல்லை. போன ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கு எந்த வகை டின் கிடைக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ற இணைப்பானை எடுத்துப் போவது நல்லது.

மந்தின் அம்மாவுக்குக் கடைசியாக ஒன்று. மகனின் அறுநூறு வெள்ளியில் நல்ல சிலந்தி அடுப்பு ஒன்று, இணைப்பான், மூடியுள்ள இரண்டு பாத்திரம், வீட்டுக்கு ஒரு பெட்டி அடுப்பு எல்லாம் வாங்கி மீதியும் இருக்கும். தோசைக்குப் பெட்டி அடுப்பு, மலைக்குச் சிலந்தி. அவர் இமயமலைக்குப் புறப்படும் நாளில் அந்த விலையுயர்ந்த அடுப்பைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள்.

வாசகர்களிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. லாபு, கிர்பி, சுவா பெத்தோங், கேடீஸ், ஜெராம் பாடாங் என்று எந்தத் தோட்டத்தில் வாழ்ந்திருந்தாலும் சரி, உங்கள் லயத்தில் எரிந்த அடுப்பு எது, எதை எரித்தீர்கள், யார் செய்து கொடுத்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். மரத்தூள் அடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ இன்னும் வீட்டில் இருந்தால் படமும் எடுத்து அனுப்புங்கள். வருகிற இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்